ரெண்டாவது கோடு

சித்தெ நகந்து உக்காருங்க அம்மிணி, பையை மடியிலயே வெச்சுக்கறேன். கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். சிங்காநல்லூர்ல எறங்கி டவுன் பஸ்ஸு மாறோணும். பத்தரைக்கு ஒரு ஆபீஸுல இருக்கச் சொல்லியிருக்காங்க. பல்லடத்துல இந்த வண்டியப் புடிச்சாத்தான் சரியா இருக்கும்னு பக்கத்து வூட்டுக்காரர் சொன்னாரு. இது என்னடான்னா ஊருக்கு ஊரு நின்னு நின்னு போகுது.

ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்த மருந்துக்கடைக் கவர்ல இருக்கறது அந்த அட்டைதானுங்களே? மூடாதீங்க, மூடாதீங்க, நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்? டப்பாவோட மூலையைப் பாத்தாலே எனக்குத் தெரியும். தாலிக்கயிறு இன்னும் மஞ்சள் மாறலை, நல்ல சேதியாத்தான் இருக்கும். மொதத் தடவையாங்க? அப்ப சொல்றேன் கேட்டுக்குங்க. வெடியால எந்திரிச்சதும் மொத ஒண்ணுக்குத்தான் புடிக்கோணும். ராத்திரியெல்லாம் தண்ணியக் குடிச்சுட்டுப் பாத்தா ஒண்ணுந் தெரியாது. டம்ளர் சுத்தமா இருக்கோணும், சோப்பு வாடையே இருக்கப்படாது. அட்டையைச் சமமான எடத்துல வெக்கோணும். சாஞ்சிருந்தா ஒரு பக்கமா ஓடிப்போயிரும். கூட ஒரு சின்ன பில்லர் குடுத்திருப்பாங்க, அதுல எடுத்து அந்தக் குழியில மூணு சொட்டு. மூணுன்னா மூணுதான். நொரை இருக்கப்படாது. ஒரு கோடு வந்தா இல்லே, ரெண்டு கோடு வந்தா இருக்குது. ஒண்ணுமே வரலைன்னா அட்டை கெட்டதுன்னு அர்த்தம், வேற வாங்கிக்குங்க.

நர்ஸா? இல்லீங்க. எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். நான் வார்டனுங்க. பேரு கோகிலாமணி. நூல்மில்லு ஆஸ்டல் வார்டன். எந்த மில்லுன்னு கேக்காதீங்க, இன்னைய தேதிக்கு அது சொல்லப்படாது. பதினாலு வருசம். ராமநாதபுரம், விருதுநகர், தேனி, அந்தப் பக்கத்துப் புள்ளைகதான் அத்தனையும். எப்பவும் எறநூறு பேருக்குக் கொறையாது. ஏழாவது எட்டாவதோட நின்ன புள்ளைக, பத்தாவது பெயிலான புள்ளைக. மூணு வருசம் வேலை பாத்துட்டுக் கல்யாணத்துக்குப் போயிரும். பெத்தவங்க என்னையத்தான் பாத்து உட்டுட்டுப் போவாங்க. "அம்மா, உங்களை நம்பித்தான்"னு கையைப் புடிச்சுட்டு அழுவாங்க. அத்தனை புள்ளைகளையும் என்ற புள்ளைகளாத்தான் பாத்தேன். எனக்குன்னு ஒண்ணு இல்லீங்க. முப்பத்தி மூணு வயசுல ரத்தம் நிக்காமப் போயி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. என்ற வூட்டுக்காரரு ரெண்டு வருசம் பொறுத்தாரு, அப்புறம் இன்னொண்ணைக் கட்டிக்கிட்டாரு. அவரைக் குத்தஞ் சொல்ல முடியாது, ஒத்தைக்கு ஒரு பையன். நான் பையைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். அதெல்லாம் பழங்கதை.

இந்த அட்டை விசயத்துக்கு வர்றேன். எனக்கு முன்னால இருந்த வார்டனம்மா காலத்துல ஒரு புள்ள ஆஸ்டல் பாத்ரூமுல பெத்துப் போட்டுருச்சு. யாருக்குமே தெரியலை. குச்சி மாதிரி ஒல்லியான புள்ளையாம், துப்பட்டாவுல மறைச்சுட்டே இருந்திருக்குது. போலீஸு, பேப்பரு, ஊரே சிரிச்சுது. அந்தம்மாவை அன்னைக்கே அனுப்பிட்டாங்க. நான் வந்து சேந்த மொத நாளே மேனேஜர் கூப்புட்டு, "கோகிலாம்மா, நோம்பி லீவு முடிஞ்சு வர்ற புள்ளைகளை வந்த மறுநா வெடியாலயே பாத்துருங்க. ஒண்ணு விடாமப் பாத்துருங்க"ன்னு சொல்லிட்டாரு. அட்டை பொட்டி பொட்டியா வரும். கொண்டாந்து குடுத்த ஆளு ஒருக்கா செஞ்சு காட்டிட்டுப் போனாரு. மூணு சொட்டு, ஒரு கோடு இல்லே, ரெண்டு கோடு இருக்குது. அவ்வளவுதான் பாடம். அதுக்கு மேல ஒரு தப்புத் தண்டா இல்லாம நடத்துனது நானுங்க.

எப்படி நடத்துவேன்னு கேளுங்க. தீவாளி, பொங்கலு, அந்தந்த ஊரு நோம்பின்னு போயிட்டு வரும் புள்ளைக. வந்த மறுநா அஞ்சு மணிக்கு எழுப்பி, ஆளுக்கொரு பேப்பர் கப்பு. கப்புல நம்பரு. மாத்தி ஊத்திருவாளுகன்னு கதவுகிட்டயே நிப்பேன். ஒருத்தி கொழாத் தண்ணியப் புடிச்சுக் குடுத்தா, தொட்டுப் பாத்தாச் சூடு தெரியுமுல்ல, கண்டுபுடிச்சுட்டேன். வராண்டாவுல ஒரு நீளமான சிமிட்டி பெஞ்சு. பொட்டிக்குள்ள நாலா மடிச்சு ஒரு தாளு இருக்கும் பாருங்க, பொடி எழுத்துல, இங்கிலீசுல. அதைப் பிரிச்சு பெஞ்சு மேல வரிசையா விரிப்பேன், ஈரம் படாம இருக்க. அதுக்கு மேல அட்டை. முப்பது அட்டை, நாப்பது அட்டை, கண்ணுக்கு லட்சணமா இருக்கும். எல்லாத்துலயும் மூணு மூணு சொட்டு உட்டுட்டு, புள்ளைகளைச் சாப்புட வெச்சு, ஆறு மணி ஷிப்ட்டுக்கு வரிசையாக் கூட்டிட்டுப் போயி கேட்டுல ஒப்படைச்சு, பேரு கூப்புட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வருவேன். வந்து ஒரு காப்பி குடிப்பேன். அப்புறந்தான் அட்டைகிட்டயே போவேன்.

மத்த மில்லுலயெல்லாம் சொட்டு உட்ட கையோட எட்டிப் பாத்துட்டு வீசிருவாங்களாம். நான் அப்படியில்லீங்க. ஒரு பொம்பளைப் புள்ளையோட பேரு அதுல இருக்குது. அவசரப்பட்டுப் பாத்து எதையாச்சும் சொல்லிட்டா அந்தப் பாவம் யாருக்கு? சோறு வெந்தாக்கூட தம் போட உடறோமுல்ல. அதனால நல்லா ஊறட்டும்னு உட்டுருவேன். ஒரு மணி நேரம், ஒண்ணே கால் மணி நேரம். ஒருக்காலும் அதுக்குள்ள பாத்ததில்லை. மேனேஜரே சொல்லுவாரு, "கோகிலாம்மா மாதிரி நெதானம் யாருக்கும் வராது"ன்னு.

இருங்க, என்னமோ கேக்க வர்றீங்க, அதுக்கு வர்றேன். மொதல்ல முனீஸ்வரியப் பத்திச் சொல்லிடறேன்.

கமுதிக்கு அக்கட்டால ஒரு பட்டிக்காடு. பத்தொம்பது வயசு. ஸ்பின்னிங்ல இருந்தா, ரெண்டரை வருசம் முடிச்சுட்டா. இன்னும் ஆறு மாசம் இருந்தா ஊருக்குப் போயிருப்பா. கையி அப்படியொரு சுறுசுறுப்பு, அந்துபோன நூலைப் புடிச்சு ஒட்டறதுல அவளுக்குப் பக்கத்துல யாரும் நிக்க முடியாதும்பாரு மேஸ்திரி. ஞாயித்துக்கெழமை ஆனா ஒரு அறையில உள்ள அத்தனை பேருக்கும் அவதான் பேன் பாத்துத் தலை பின்னி உடுவா. எனக்கும் பின்னி உட்டிருக்கா. கொஞ்சம் வாயாடி. ஆனா கெட்ட புள்ளைன்னு சொல்ல மாட்டேன்.

போன பங்குனியில ஊருக் கோயில்ல பொங்கலுன்னு எட்டு நாள் லீவுல போனா. வந்த மறுநா வழக்கம்போல கப்பு, அட்டை. அன்னைக்கு முப்பத்தியாறு பேரு. புள்ளைகளை கேட்டுல உட்டுட்டு வந்தேன், காப்பி குடிச்சேன், வரிசையாப் பாத்துட்டே வந்தேன். பத்தொம்பதாம் நம்பரு அட்டையில ரெண்டு கோடு. மொதக் கோடு நல்ல செவப்பு. ரெண்டாவது கோடு அத்தனை செவப்பில்லை, சாம்பல் பூத்தாப்புல மெல்லீசா. ஆனா இருந்துச்சுங்க. கண்ணாடியப் போட்டுப் பாத்தேன், கழட்டிட்டுப் பாத்தேன், வெளிச்சத்துல கொண்டு போயிப் பாத்தேன். இருந்துச்சு.

ஆளனுப்பி அவளை மெசினுல இருந்து கூட்டியாரச் சொன்னேன். தலையெல்லாம் பஞ்சு, சிரிச்சுட்டே வந்தா. "என்னம்மா, ஊருல இருந்து போனு வந்துச்சா?"ன்னா. நான் கதவைச் சாத்திட்டு அட்டையக் காட்டுனேன். அவளுக்குப் புரியவே இல்லை. அப்புறம் புரிஞ்சுது. ஒக்காந்துட்டா. "அம்மா, நான் பொங்கலுக்கு கோயிலுக்கே போகலம்மா. வீட்டுக்குத் தூரமாயிட்டேன். எல்லாரும் பொங்க வைக்கப் போயிட்டாக, நான் மட்டும் மாட்டுக் கொட்டாய்ல தனியா ஒக்காந்திருந்தேன். தலைக்கு ஊத்தி நாலு நாளுதாம்மா ஆகுது. எங்கம்மாவுக்குப் போனப் போட்டுக் கேளுங்க"ன்னு சொல்றா.

எல்லாருமே அப்படித்தான சொல்லுவாளுக? பதினாலு வருசமாக் கேக்கறேன். ஒருத்திகூட ஆமாம்மான்னு சொன்னதில்லை. அதனால நான் கேட்டுக்கலை. "இன்னொரு அட்டை போட்டுப் பாருங்கம்மா, உங்க முன்னாலயே இருக்கேன், கதவத் தெறந்து வச்சுக்கிட்டே இருக்கேன்"னு காலைப் புடிச்சுட்டா. ஒருத்திக்கு ஒரு அட்டைதானுங்க முறை. அவளுக்கு ரெண்டாவது போட்டா நாளைக்கு நாலு பேரு கேப்பா, எனக்கு இன்னொண்ணு எனக்கு இன்னொண்ணுன்னு. பொட்டியில பத்துப் பாஞ்சு இருந்துச்சு. இல்லைன்னு சொல்லலை. முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே?

வேலைக்குச் சேர்றப்ப எழுதுன பாரத்துல எந்த நம்பரு இருக்குதோ அதுக்குத்தான் போன் பண்ணோணும். அப்பா நம்பருதான் இருந்துச்சு. அவருக்கே போட்டேன். மேனேஜர் சொல்றாப்புலயே சொன்னேன், நான் ஒண்ணும் கூட்டியோ கொறைச்சோ சொல்லலை. மறுநா மத்தியானம் அப்பனும் அண்ணனும் வந்தாங்க. அப்பன்காரரு கையெழுத்துப் போடற எடத்துல போட்டாரு, தோள்ல கெடந்த துண்டை எடுத்து மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான். அடிப்பாங்களோன்னு நான் பயந்துட்டேன். அடிக்கலை. எனக்கு மனசு சமாதானமாயிருச்சு, நல்ல மனுசங்கன்னு. கூட இருந்த புள்ளைகதான் அழுதுச்சுக. முனீஸ்வரி அழுகலை. இரும்புப் பொட்டியத் தூக்கிட்டு அவங்க பின்னாலயே போனா.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் அவங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவங்கம்மா பேரு இருளாயி. மவளைப் பாத்ததுமே அந்தம்மா புருசன்கிட்டச் சொல்லியிருக்குது, பொங்கலுக்குப் புள்ள தூரமாத்தான இருந்தா, நாந்தான தண்ணி ஊத்துனேன், எப்படி இருக்கும்னு. அதுக்கு அந்தாளு, "மில்லுல மிஷின்ல வச்சுப் பாத்திருக்காக, உனக்குத் தெரியுமா அவுகளுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாராம். மிஷினு இல்லீங்க, அது அட்டை. ஆனா அவங்களுக்கு அப்படித்தான் தோணியிருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஊருக்குத் தெரிஞ்சுருமுன்னு பக்கத்து டவுனுல ஒருத்திகிட்டக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கருவைக் கழுவி உடறவ. அவ வயித்தை அமுக்கிப் பாத்துட்டு ஆமா, ரெண்டு மாசம்னு சொல்லியிருக்கா. அவளுக்கு என்ன, ஆமான்னு சொன்னாத்தான் அவளுக்குப் பொழப்பு. முனீஸ்வரி இல்லை இல்லைன்னு கத்தியிருக்கா. ரெண்டு பேரு கையைப் புடிச்சுக்கிட்டாங்களாம். அதுல ஒருத்தி அவங்கம்மாவேதான்.

நாலாம் நாள் காய்ச்சல். ஒடம்பெல்லாம் நீலமாப் போயி, நாத்தம் அடிக்க ஆரம்பிச்சு, அப்புறந்தான் மதுரைக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. உள்ள ஓட்டையாயிருச்சாம், சீழ் வெச்சிருச்சாம். உசுரு வேணும்னா எடுத்துத்தான் ஆகோணும்னு டாக்டருங்க கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. பத்தொம்பது வயசுங்க அம்மிணி. அவ பொழைச்சுட்டா. அங்க இருந்த ஒரு டாக்டரம்மாதான் விசாரிச்சு, கவுருமென்ட்டுக்கு எழுதிப் போட்டு, மில்லு வரைக்கும் வந்துருச்சு. பேப்பர்ல வரலை, மேனேஜர் பாத்துக்கிட்டாரு. என்னைய மட்டும், "கொஞ்ச நாளு வூட்டுல இருங்க கோகிலாம்மா, விசாரணை முடிஞ்சதும் கூப்புடறோம்"னு சொல்லிட்டாங்க. பதினாலு வருசம். ஒரு நாள் லேட்டா வந்ததில்லை.

அழுகாதீங்க, நீங்க எதுக்கு அழுகறீங்க? இந்த நேரத்துல அழுகப்படாது.

இருளாயி போன மாசம் என்னைத் தேடிட்டு வந்துச்சு. பல்லடத்துல எந்தச் சந்துன்னு விசாரிச்சு விசாரிச்சு, பொழுதோட வந்து வாசல்ல நின்னுச்சு. சண்டைக்குத்தான் வந்திருக்குதுன்னு நெனைச்சேன். அந்தம்மா சண்டை போடலை. "தாயி, அந்த அட்டைய எம்புட்டு நேரங்கழிச்சுத் தாயி பாத்தீக?"ன்னு கேட்டுச்சு. எதுக்குன்னேன். "அஞ்சு நிமிசத்துக்குள்ள பாக்கணுமாம்ல. பொறவு காஞ்சு போனா ஒண்ணுமில்லாட்டியும் கோடு தெரியுமாம்ல. டாக்டரம்மா சொன்னாக. நேரங்கழிச்சுத்தான் பாத்தேன்னு ஆபீசருக முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க தாயி. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். ஊருல அவளை ஒருத்தரும் வீட்டுப் படி ஏத்த மாட்டேங்குறாக. கர்ப்பமே இல்லன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்ததக் காட்டுனா, கழுவுனதுக்கப்பறம் என்ன தெரியும்னு கேக்காக. அவ அப்பனே இன்னும் நம்பல. மில்லுக்காரம்மா சொன்னா நம்புவாரு"ன்னுச்சு.

நான் சரியாத்தான் பாத்தேன்னு சொல்லி அனுப்பிட்டேன். வேற என்ன சொல்ல? வாசல்ல நின்னு பக்கத்து வூடெல்லாம் எட்டிப் பாக்குது. அந்தம்மா கும்புட்டுட்டுப் போயிருச்சு. எனக்குக் கோவமான கோவம். ஊருப்பட்ட புள்ளைகளைக் காப்பாத்துனவளை வந்து எத்தனை மணிக்குப் பாத்தேன்னு கேக்கறாங்களேன்னு.

ராவெல்லாம் தூக்கம் புடிக்கலை. வெடிஞ்சதும் பீரோவைத் தொறந்தேன். ஆஸ்டல்ல இருந்து வர்றப்ப சாமானோட சாமானா ஒரு பொட்டி வந்திருந்துச்சு. அதுல மூணு அட்டை, அந்தத் தாளு. இத்தனை வருசம் பெஞ்சுல விரிச்சனே, அதே தாளு. பிரிச்சுத் திருப்புனேன். பின்னால தமிழுங்க. முன்னால இங்கிலீசு, பின்னால இந்தி, அதுக்குக் கீழ தமிழ். நான் விரிக்கறப்ப எப்பவும் இங்கிலீசுப் பக்கந்தான் மேல இருந்திருக்குது போல. படம் போட்டு நம்பரு போட்டு எழுதியிருக்காங்க. மூணு சொட்டு, சமமான எடம், எல்லாம் நான் செஞ்சதேதான். நாலாவதா ஒண்ணு. ஐந்து நிமிடத்துக்குள் முடிவைப் பார்க்கவும், அதற்குப் பிறகு தெரிவதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாதுன்னு. எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை படிச்சேன்.

என்ன பண்ணேன்னு உங்ககிட்டச் சொல்றேன். வேற யாருகிட்டயும் சொல்லலை. என்றதையே புடிச்சு, மூணு சொட்டு உட்டேன். எனக்கு அம்பத்தியேழு வயசு. கர்ப்பப்பையே இல்லை. கடியாரத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டேன். அஞ்சு நிமிசத்துல பாத்தா ஒரே ஒரு கோடு. பாருடி, அட்டை நல்ல அட்டைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, வாசத் தெளிச்சு, குளிச்சு, அரிசி உப்புமாக் கிண்டி எறக்கி வெச்சுட்டு, ஒரு காப்பியும் குடிச்சுட்டு, எப்பவும் பாக்கற நேரத்துக்குப் போயிப் பாத்தேன்.

ரெண்டு கோடு இருந்துச்சு அம்மிணி. ரெண்டாவது மெல்லீசா, சாம்பலாட்டம்.

அடுத்த அட்டையும் போட்டேன். அதுல வரலை. மூணாவதுல வந்துச்சு. அப்படியே சமையக்கட்டுல உக்காந்துட்டேன். பீரோவுல கெடந்த பழைய அட்டைங்கறதால மூணுல ரெண்டுல வந்துச்சு போல, ஆஸ்டல்ல எப்பவாச்சும் ஒண்ணுலதான் வந்திருக்கோணும். அதனாலதான் இத்தனை வருசம் எனக்குச் சந்தேகமே வரலை. வருசத்துக்கு ஒருத்தி, அவ்வளவுதான். அப்படி ஒருத்தி இருப்பாதான்னு எல்லாருக்குமே தோணும், எனக்கும் தோணிருச்சு.

அதனால நீங்க அஞ்சு நிமிசத்துல பாத்துட்டு வீசிருங்க. குப்பையில இருந்து எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. உங்க மாமியார்கிட்டக் காட்டோணும்னு எடுத்து வெக்காதீங்க.

இப்பச் சொல்லுங்க. சொல்லிடுங்கம்மான்னுதான சொல்ல வர்றீங்க? உங்க கண்ணைப் பாத்தாலே தெரியுது. ஒரு வார்த்தைதானேன்னு. முனீஸ்வரி ஒருத்தின்னா நான் சொல்லிருவேனுங்க. சத்தியமாச் சொல்லிருவேன். அந்தப் புள்ளையோட வலி வேற யாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா? வயித்துல கையை வெச்சா அங்க ஒண்ணுமில்லைன்னு இருக்கும் பாருங்க, அது சாகற வரைக்கும் போகாது. என்னைய அப்பவாச்சும் நாலு பேரு பாவம்னு சொன்னாங்க. அவளை யாரு சொல்லுவா?

ஆனா அவ ஒருத்தி இல்லீங்க. ஆஸ்டல் நோட்டுல பேரு இருக்குது, மனப்பாடமாவும் இருக்குது. பதினாலு வருசத்துல பதினோரு பேரை அனுப்பியிருக்கேன். அவளையுஞ் சேத்து. மத்த பத்துல யாரு நெசம், யாரு பொய்யின்னு இப்ப எனக்கே தெரியாது. போடிக்காரி ஒருத்தி இருந்தா. யாருடி, யாருடின்னு கேட்டு அடிச்ச அடி தாங்காம ஏதோ ஒரு பேரைச் சொல்லிட்டாளாம். அந்தாளுக்கே புடிச்சுக் கட்டி வெச்சுட்டாங்க. அவ கூட்டாளி ஒருத்தி வந்து சொன்னா, அம்மா, அவளுக்கு மூத்தது பொறந்துருச்சு, கல்யாணம் ஆகி ஒரு வருசம் ஆச்சுன்னு. ஒரு வருசங்கழிச்சுப் பொறந்திருக்குது, பாருங்க. அப்பக்கூட எனக்கு உறைக்கலை. முன்ன இருந்ததைக் கலைச்சிருப்பாங்கன்னு நெனைச்சேன். சாத்தூர்ப் பக்கத்துப் புள்ள ஒண்ணு, வேனுல ஏறுனதோட சரி, அப்புறம் சேதியே இல்லை. அது எங்க இருக்குதோ, இருக்குதோ இல்லையோ. முனீஸ்வரிக்கு ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கு இந்தப் பத்துப் பேரோட அம்மாவும் என்ற வாசல்ல வந்து நிப்பாங்க, எப்பத் தாயி பாத்தீங்கன்னு. நான் யாருக்குன்னு பதில் சொல்றது? என்னால ஆகாது.

மேனேஜர் வேற ஒண்ணும் சொல்லச் சொல்லலை. புள்ள சம்மதிச்சுத்தான் பாத்தோம்னு சொல்லுங்கன்னு மட்டுந்தான் சொன்னாரு. நேரத்தைப் பத்தி அவருக்கு ஒண்ணுந் தெரியாது. நான் ஒரு மணி நேரம் உட்டுத்தான் பாத்தேங்கறது எனக்கு மட்டுந்தான் தெரியும். புள்ளைக எல்லாம் மெசினுல இருந்துச்சுக, யாரு பாத்தா? இன்னைக்கு விசாரணையில ஆபீசரு கேட்டா மூணு நிமிசத்துல பாத்தேன்னு சொல்லிடப் போறேன். அஞ்சுன்னு சொல்லப்படாது, தாளைப் படிச்சுட்டு வந்து சொல்றேன்னு தெரிஞ்சுரும். மூணு. மூணு நிமிசமுங்க, நான் எப்பவும் நெதானமாத்தான் பாப்பேனுங்க. இப்படிச் சொன்னாச் சரியா இருக்குமுல்ல? வெடியால இருந்து சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். நல்லாத்தான் வருது.

ஏனுங்க சன்னலோரமா நகந்துக்கறீங்க?

சிங்காநல்லூரு வந்துருச்சா? வர்றேனுங்க அம்மிணி, எறங்கறேன். முனீஸ்வரியும் வர்றாளாம். அப்பன் கூட்டிட்டு வர்றாராம். மேசைக்கு இந்தப் பக்கம் என்னைய உக்கார வெப்பாங்களாம், அந்தப் பக்கம் அவளை. ரெண்டு பேருக்குமே கர்ப்பப்பை இல்லீங்க. அவ மூஞ்சியப் பாக்காம இருந்தா மூணு நிமிசம்னு சொல்லிருவேன்னு நெனைக்கிறேன்.